கை வலிக்கச் சுற்றினால் தேங்காய் ஐஸ்கிரீம்!

டிரினிடாட் தீவில் வீட்டு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசைப்படும் வாண்டுகள், முதலில் அந்த ஐஸ்கிரீமின் மேல் ஏறி உட்கார வேண்டும்!

விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒரு மர வாளி. அதற்குள் உயரமான உலோக டப்பா. டப்பாவைச் சுற்றி உடைத்த பனிக்கட்டியும் கல் உப்பும். வாளியின் மேல் குறுக்காக ஓர் இரும்புச் சட்டம், பக்கத்தில் ஒரு கைப்பிடி. பனி சீக்கிரம் கரையாமல் இருக்க எல்லாவற்றுக்கும் மேலே நாலாக மடித்த சணல் சாக்கு. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே இருப்பது இறுகும். இறுக இறுக வாளி இடமும் வலமும் ஆட்டம் போடும். அதை அடக்கத்தான் ஒரு பிள்ளையைத் தூக்கிச் சாக்கின் மேல் உட்காரவைக்கிறார்கள். டவுசர் நனைந்து, உட்கார்ந்த இடம் மரத்துப்போனாலும் அந்தப் பிள்ளை எழுந்திருக்காது. எழுந்தால் அந்த இடத்துக்கு அடுத்த பிள்ளை வந்துவிடும்!

மேற்கிந்தியத் தீவுகளில் வளர்ந்தவர்களிடம் குழந்தைப் பருவத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டால், பலரும் இந்தச் சாக்கு மூட்டையிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள்.

பொள்ளாச்சிக்கு நேர் மேற்கே...

உலக வரைபடத்தில் பொள்ளாச்சியின் மேல் விரலை வைத்து, நேர்க்கோடாக மேற்கே நகர்த்துங்கள். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் கடல் எல்லாம் தாண்டியதும் விரல் போய் நிற்கும் இடம், டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் வெயிலும் தென்னையும் மாமரமும் அங்கேயும் உண்டு.

இந்தியர்களும் உண்டு. 1845 மே 30 அன்று, கரும்புத் தோட்ட வேலைக்காகக் கொல்கத்தாவிலிருந்து இந்தியர்களை ஏற்றிக்கொண்டு 'ஃபடேல் ரசாக்' என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1917 வரை, 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிய தென்னிந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'மதராசி'. இன்று அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் இந்திய வம்சாவளியினர். அப்பாவைப் பெற்ற பாட்டியை 'ஆஜி' என்றும், அம்மாவைப் பெற்ற பாட்டியை 'நானி' என்றும் அந்த வீடுகளில் இன்னும் கூப்பிடுகிறார்கள்.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் இந்தியர்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஆப்பிரிக்க வம்சாவளி வீடுகளிலும் அதே வாளி, அதே சாக்கு, அதே சண்டைதான். பிரிட்டிஷார் கொண்டுவந்த கஸ்டர்ட், அமெரிக்காவில் பிறந்த கைவாளி, வெப்பமண்டலத் தேங்காய்... எல்லாம் சேர்ந்து இதை அந்தத் தீவின் பொதுச் சொத்தாக்கிவிட்டன.

கப்பலில் வந்த பனிக்கட்டி

வருடம் முழுக்க வியர்க்கிற ஊருக்குப் பனிக்கட்டி எப்படி வந்தது? அது ஒரு தனிக் கதை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபிரெடரிக் டியூடர் என்றொரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அந்தப் பனியை அறுத்துக் கப்பலில் ஏற்றி, வெயில் நாடுகளில் விற்கலாம் என்பது அவருடைய யோசனை. ஊரே சிரித்தது. அவர் கேட்கவில்லை. 1806-ம் ஆண்டு, டிரினிடாட்டுக்கு வடக்கே இருக்கும் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார்.

பனிக்கட்டியை அதற்குமுன் பார்த்தே இராத மக்கள். வாங்கியவர்களில் ஒருவர் அதைத் தட்டில் வைத்து வாசலில் வெயிலில் வைத்துவிட்டு, 'ஐயோ, கரைகிறதே' என்று புகார் சொன்னாராம். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியில் போட்டாராம். மூன்றாமவர் எல்லாவற்றையும் தாண்டி, உப்புக்குள் போட்டு வைத்தாராம்! டியூடரே தலையில் அடித்துக்கொண்டு இதை எழுதிவைத்திருக்கிறார்.

அங்கே பூங்கா நடத்திவந்த ஒருவர், 'இந்த ஊர் வெயிலில் ஐஸ்கிரீமா? நடக்கவே நடக்காது' என்று கையை விரித்தார். டியூடர் விடவில்லை. தானே கூட நின்று செய்துகாட்டினார். முதல் நாள் இரவே பூங்காக்காரர் கைக்கு 300 டாலர் வந்தது. டியூடருக்கோ அந்தப் பயணம் மொத்தத்தில் நஷ்டம். ஆனாலும் அவர் தொழிலை விடவில்லை. 1833-ல் அவருடைய பனிக்கட்டி கொல்கத்தாவுக்கே வந்துவிட்டது.

அடுத்த வரவு மெட்ராஸ். சென்னை மெரினா கடற்கரை எதிரே, திருவல்லிக்கேணியில் இருக்கும் விவேகானந்தர் இல்லம் முதலில் எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த டியூடரின் பனிக்கட்டியைச் சேமித்துவைக்க! 1842-ல் எழுந்த கட்டடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். கட்டடத்தின் பெயர் மாறினாலும் அந்தப் பகுதிக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உப்பு செய்யும் மாயம்

மார்ட்டினிக்கில் பனிக்கட்டியை உப்பில் போட்டவரைப் பார்த்து டியூடர் சிரித்தார். ஆனால், ஐஸ்கிரீம் உறைவதற்கு அந்த உப்புதான் வேண்டும்.

வெறும் பனிக்கட்டி 0 டிகிரியில் கரையும். சர்க்கரையும் கொழுப்பும் கலந்த பால் உறைய அந்தக் குளிர் போதாது. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால், அது 0 டிகிரிக்குக் கீழேயே கரைய ஆரம்பிக்கிறது. கரைவதற்கு வெப்பம் வேண்டுமே? பக்கத்தில் இருக்கும் டப்பாவிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்கிறது. சரியான அளவில் கலந்தால் உப்பும் பனியும் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்க முடியும். மர வாளிக்குள் அவ்வளவு தூரம் போவதில்லை. மைனஸ் 10-ஐத் தொட்டாலே வேலை முடிந்துவிடும்.

சரி, ஏன் சுற்ற வேண்டும்? சும்மா விட்டால் டப்பாவின் சுவரை ஒட்டிய கலவை முதலில் உறைந்து, பெரிய பெரிய பனித்துகள்களாகிவிடும். வாயில் போட்டால் மணல்போல் நறநறக்கும். டப்பாவுக்குள் இருக்கும் மரத் துடுப்பு, சுவரில் உறைவதை உடனுக்குடன் சுரண்டி நடுவே தள்ளுகிறது. துகள்கள் சிறிதாகவே இருக்கின்றன, கூடவே கொஞ்சம் காற்றும் கலக்கிறது. அதனால்தான் அந்த வழுவழுப்பு.

இந்தக் கைவாளிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி. ஆண்டு 1843. அதற்குமுன் டப்பாவைக் கையால் உருட்டி, திறந்து, சுரண்டி, மூடி, மறுபடி உருட்டி என்று படாதபாடு பட்டார்கள். அவர் அதில் ஒரு கைப்பிடியை வைத்தார். அதற்குப் பிறகு குழந்தைகளே சுற்றலாம் என்றாகிவிட்டது.

காலையில் தேங்காய், மாலையில் ஐஸ்கிரீம்

டிரினிடாட்டில் ஞாயிறு மதியச் சாப்பாடு பெரிய விஷயம். கோழிக்குழம்பு, சிவப்புக் காராமணி, மக்ரோனியும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட 'மக்ரோனி பை', கீரையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலில் வேகவைத்து மசித்த 'கலலூ' என்று மேசை நிறையும். ஐஸ்கிரீமுக்கான வேலை அதற்கும் முன்பே, காலையிலேயே தொடங்கிவிடும்.

முற்றிய தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டுப் பிசைந்து, துணியில் போட்டுப் பிழிவார்கள். நம் வீட்டுச் சொதிக்கும் பாயசத்துக்கும் எடுப்பதுபோல முதல் பால், இரண்டாம் பால்தான். இரண்டாம் பாலில் கஸ்டர்ட் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி, கெட்டியானதும் இறக்கி, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுவார்கள். நன்றாக ஆறிய பிறகுதான் முதல் பால் சேரும். ஒரு சிட்டிகை உப்பு, துருவிய ஜாதிக்காய். ஜாதிக்காய்க்குப் பஞ்சமில்லை. பக்கத்துத் தீவான கிரெனடா, கொடியிலேயே ஜாதிக்காயை வரைந்துவைத்திருக்கும் நாடு!

தேங்காய்ப்பாலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். அதே கொழுப்புதான் தேங்காய்ப்பாலிலும் இருக்கிறது. முதல் பாலை மட்டும் ஊற்றிச் சுற்றினால், கொழுப்பு தனியே திரண்டு நாக்கில் மெழுகுபோல் ஒட்டும். கஸ்டர்டும் கண்டென்ஸ்டு மில்க்கும் அதைக் கட்டிப்பிடித்து வைக்கின்றன. பாட்டிகளுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால், அளவு தெரியும்.

தேங்காய் வேண்டாம் என்றால், எந்தக் காலத்தில் எந்தப் பழமோ அந்தப் பழம். ஜூலி, ஸ்டார்ச், ரோஸ் என்று மாம்பழங்களில் வகை வகையாக உண்டு. 'கல்கத்தா' என்ற பெயரிலேயே ஒரு மாம்பழம் இருக்கிறது. முள் சீத்தாப்பழ ஐஸ்கிரீமுக்குத் தனி ரசிகர் கூட்டம். வெள்ளைச் சதையை மசித்து, ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி எறிவது பெரியவர்கள் வேலை. விதை அரைபட்டால் உடம்புக்கு ஆகாது. பாஷன் ஃப்ரூட் இனத்தில் பப்பாளி அளவுக்குக் காய்க்கும் 'பார்பாடின்' என்ற பழத்திலும் செய்வார்கள். புளிப்புப் பழங்களில் ஒரே ஒரு கண்டிப்புதான்: சூடான பாலில் சேர்க்கக் கூடாது, திரிந்துவிடும்.

மதியம் பனிக்கட்டிப் பாளத்தைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கும் சத்தம் கேட்டால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்துவிடும். முதல் பத்து நிமிடம் சுற்றுவது சுலபம். சின்னப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். அடுத்த பத்து நிமிடம் பெரிய பிள்ளைகள். கடைசியில் கைப்பிடி அசைய மறுக்கும்போது அப்பாவோ மாமாவோ சட்டைக்கையை மடித்துக்கொண்டு வர வேண்டும். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். தனியாள் ஒருவரே செய்து முடிப்பது கஷ்டம். பழைய வீடுகளில் இந்த ஐஸ்கிரீம் ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்து நாட்களுக்கும் என்றே ஒதுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாக் கைகளும் வீட்டில் இருக்கும் நாள் அதுதானே!

கடற்கரைத் தென்னைகளுக்கு வந்த சோதனை

தீவின் கிழக்குக் கரையில் மன்சனில்லாவிலிருந்து மயாரோ போகும் சாலை, டிரினிடாட்டிலேயே அழகான சாலைகளில் ஒன்று. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல். மறு பக்கம் நரிவா சதுப்பு நிலம். நடுவே கிலோமீட்டர் கணக்கில் தென்னைகள். அந்தக் கடற்பகுதிக்குப் பெயரே 'கோக்கோஸ் விரிகுடா', அதாவது தென்னை விரிகுடா. தேங்காய் ஏற்றிவந்த ஒரு கப்பல் உடைந்து, கரை ஒதுங்கிய காய்களிலிருந்து முளைத்த தோப்பு இது என்று ஊரார் கதை சொல்கிறார்கள்.

அந்தச் சாலையில் இன்று போகிறவர்கள், உச்சி ஒடிந்து மொட்டையாக நிற்கும் மரங்களையும் பார்க்கிறார்கள்.

டிரினிடாட் தென்னைகளுக்குப் பழைய எதிரி 'செவ்வளைய நோய்'. நோய் கண்ட மரத்தைக் குறுக்கே வெட்டினால், உள்ளே சிவப்பு வளையம் ஒன்று வரைந்தாற்போல் தெரியும். 1905-ல் இந்தத் தீவில்தான் அது முதன்முதலில் பதிவானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழுதான் காரணம். அதை மரத்துக்கு மரம் சுமந்து செல்வது, நம் ஊர் சிவப்புக் கூன்வண்டின் உறவுக்கார வண்டு.

2006-ல் புது எதிரி வந்தது. இலையின் அடிப்பக்கம் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப் பேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்ட்டினிக்கில் தென்பட்டு, தீவுக்குத் தீவு தாவி டிரினிடாட்டைத் தொட்டது. ஓலைகள் மஞ்சளாகி, குரும்பைகள் உதிர்ந்தன. அந்தப் பேனின் அறிவியல் பெயர் 'ரவோயெல்லா இண்டிகா'. பெயரின் பின்பாதியில் இந்தியா இருப்பதற்குக் காரணம் உண்டு. 1924-ல் அறிவியல் உலகம் அதை முதன்முதலில் பதிவு செய்தது, கோயம்புத்தூர் தென்னை ஓலையில் எடுத்த பேன்களை வைத்துத்தான்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் திடீரென்று பரவி, ஓலைகளைக் கரிபூசியதுபோல் கறுப்பாக்கிய சுருள் வெள்ளை ஈ நினைவிருக்கிறதா? அது கரீபியன் கடலை ஒட்டிய மத்திய அமெரிக்காவிலிருந்து உலகுக்குத் தெரியவந்த பூச்சி. ஒரே அட்சரேகையில் இருக்கும் இரண்டு தென்னை பூமிகளும் ஒன்றுக்கொன்று தெரியாமலேயே சங்கடங்களைப் பரிமாறிக்கொண்டிருக்கின்றன.

மரம் குறைந்தது நோயால் மட்டும் அல்ல. கொப்பரைக்கு விலை இல்லாமல் போனபோது பழைய தோப்புகளைப் புதுப்பிக்க ஆளில்லை. ஏற ஆள் கிடைக்கவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குயின்ஸ் பார்க் சவானா என்ற பெரிய மைதானத்தைச் சுற்றி இளநீர் விற்பார்கள். வெட்டுக்கத்தியால் மூன்றே வெட்டில் கண் திறந்து கொடுக்கும் அழகைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் நிற்பார்கள். இளநீராகவே காய் போய்விட்டால், முற்றிய தேங்காய்க்கு எங்கே போவது என்பது வீட்டுக்காரர்களின் கவலை. டப்பாவில் அடைத்த தேங்காய்ப்பாலும் பவுடரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

சுற்றும் வேலைக்கும் மின்மோட்டார் வந்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் போதும், அது பாட்டுக்குச் சுற்றும். கடையில் வாங்கினால் அதுவும் வேண்டாம். ஆனாலும், சாலையோரங்களில் 'வீட்டில் செய்தது' என்று பலகை வைத்து விற்கும் ஐஸ்கிரீமுக்கு மவுசு குறையவில்லை. பழைய மர வாளியை ஈஸ்டர் விடுமுறைக்கோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்போதோ பரணிலிருந்து இறக்கும் வீடுகளும் இருக்கின்றன. மோட்டார் ஐஸ்கிரீமின் ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால், அதன் மேல் உட்கார யாரும் தேவைப்படுவதில்லை.

நம் வீட்டுத் தூக்குவாளியில்...

மர வாளி இல்லையே என்று கவலை வேண்டாம். இரண்டு லிட்டர் எவர்சில்வர் தூக்கும் பெரிய பிளாஸ்டிக் வாளியும் போதும்.

தேவையானவை: முற்றிய தேங்காய் 2, கண்டென்ஸ்டு மில்க் 1 டின் (400 கிராம்), பால் 1 கப், கஸ்டர்ட் பவுடர் 2 மேசைக்கரண்டி, உப்பு 1 சிட்டிகை, துருவிய ஜாதிக்காய் சிறிது. வெளியே போட: நொறுக்கிய ஐஸ் 4 கிலோ, கல் உப்பு 1 கிலோ.

செய்முறை: தேங்காயைத் துருவி, முக்கால் கப் வெந்நீர் விட்டு அரைத்து, முதல் பால் ஒன்றரை கப் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி வெந்நீர் விட்டுப் பிழிந்து இரண்டாம் பால் அரை கப் எடுங்கள். கஸ்டர்ட் பவுடரைச் சிறிது ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து, மீதிப் பாலோடும் இரண்டாம் பாலோடும் சேர்த்து மிதமான தீயில் கெட்டியாகும்வரை கிளறுங்கள். இறக்கி, கண்டென்ஸ்டு மில்க், உப்பு, ஜாதிக்காய் சேருங்கள். முழுதாக ஆறியதும் முதல் பாலைக் கலந்து, ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரம் வையுங்கள். மாம்பழம் பிடித்தால், முதல் பாலில் அரை கப்பைக் குறைத்து, குளிர்ந்த மாம்பழக்கூழ் ஒரு கப் சேர்க்கலாம்.

கலவையைத் தூக்கில் ஊற்றுங்கள். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, உறையும்போது உப்பும். மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி மூடுங்கள். வாளியில் ஐஸ் ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்கு என்று போட்டு, நடுவில் தூக்கை இறக்கி, கழுத்துக்குக் கீழே வரை நிரப்புங்கள். இனி தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூடியின் மேலுள்ள உப்புநீரைத் துடைத்துவிட்டுத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளுங்கள். ஒரு சொட்டு உப்புநீர் உள்ளே போனாலும் உழைப்பு வீண். உப்பு கலந்த ஐஸை வெறும் கையால் அளைய வேண்டாம், தோல் புண்ணாகிவிடும். குழந்தைகளுக்குத் துணி சுற்றிக் கொடுங்கள்.

நாற்பது நிமிடத்தில் குழைந்த சாதம் பதத்துக்கு வரும். அப்படியே சாப்பிடலாம். கெட்டியாக வேண்டுமென்றால் ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம்.

டிரினிடாட் வீடுகளில் அதுவரை பொறுப்பவர்கள் குறைவு. மூடியைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது அந்த மரத் துடுப்பு. அதன் இடுக்குகளில் ஒட்டியிருப்பதுதான் எல்லாவற்றிலும் ருசி என்பது அங்கே குழந்தைகளின் கட்சி. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்ப்பு சொல்ல வேண்டியவர் பாட்டி. அதிகம் சுற்றிய பிள்ளைக்கா, நனைந்த டவுசரோடு கடைசிவரை சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கா?

பெரும்பாலும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நக்குவதில்தான் வழக்கு முடிகிறது.